இரண்டாவது உருண்டை

வாங்க அம்மணி, வாங்க. செருப்பை மட்டும் வெளியவே விட்டுடுங்க. இன்னைக்கு அமாவாசை, இப்பத்தான் வீடு கழுவி விட்டேன். குழந்தைகள் ஆபீஸ்ல புதுசா வந்திருக்கற மேடம் நீங்கதானுங்களே? பாத்தா காலேஜுப் பிள்ளையாட்டம் இருக்கறீங்க. கண்ணாலம் ஆயிருச்சுங்களா? ஆகலையா. அப்ப நான் சொல்றது உங்களுக்குப் பாதிதான் புரியும். பரவாயில்ல, உக்காருங்க, ஃபேன் போடறேன்.

வீட்டை நல்லாப் பாத்துக்குங்க. கீழ மூணு ரூம்பு, மாடியில ஒண்ணு. பின்னால எங்க தறிக்குடோன், அந்தச் சத்தம் உள்ள கேக்காது. நான் மனுக் குடுத்து இருவது நாளாச்சு, ஆரும் வரலியேன்னு எங்கூட்டுக்காரருகிட்ட நேத்துக்கூடப் பேசிட்டிருந்தேன். வருவாங்க, நம்மளாட்டம் வீடு அவங்களுக்கு எங்க கிடைக்கும்னாரு. பாருங்க, வந்துட்டீங்க. மனுவுல தெளிவா எழுதியிருக்கேன். பொம்பளப் பிள்ளை, அஞ்சு வயசுக்குள்ள, ஆத்தா அப்பன் இல்லாதது. அந்த 'இல்லாதது'க்கு அடியில ரெண்டு கோடு போட்டிருக்கேன், கவனிச்சீங்களா? பட்டவளுக்குத்தான் தெரியும்.

முன்ன இங்க வளந்த வள்ளியோட ஃபைலைப் படிச்சிட்டுத்தான் வந்திருப்பீங்க. அதுல என்னைய ராட்சசியாட்டம் எழுதி வச்சிருப்பாங்க. எழுதட்டும். நடந்ததெல்லாம் அதுல இருக்கும், எதுக்கு நடந்துச்சுன்னு இருக்காது. அதை நான் சொல்றேன், கேட்டுக்குங்க.

இருங்க, மாடியில காக்காய்க்குச் சோறு வச்சேன், எடுத்துச்சான்னு எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.

எடுக்கலை. அரை மணி நேரமாக் கத்தறேன், ஒரு காக்காய் வரமாட்டேங்குது. அது எடுக்காம நாங்க சாப்பிட முடியாது. எங்க மாமியாருக்கு வைக்கறதுங்க. இருக்கற வரைக்கும் அந்தம்மா என்னைய நேரத்துக்குச் சோறு திங்க விட்டதில்ல, செத்தும் விடமாட்டேங்குது.

சரி, எங்க விட்டேன்? எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க. பொண்ணைச் சேலத்துல கட்டிக் குடுத்தாச்சு. பையன் ஐதராபாத்துல. அப்ப அவனுக்குக் கண்ணாலம் ஆகி நாலு வருஷம், மருமக வயித்துல ஒண்ணும் தங்கலை. போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. அப்பத்தான் கோயில் கமிட்டியில ஒருத்தர் சொன்னாரு, அரசாங்கத்துல இப்படி ஒரு ஏற்பாடு இருக்குதுன்னு. ஆருமில்லாம வந்து நிக்கற பிள்ளைகளை ஹோம்ல அடைக்காம குடும்பத்துல விட்டு வளக்கறது. தத்து இல்லீங்க. பெத்தவங்க கிடைச்சுட்டா திருப்பிக் குடுத்துடணும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. அந்தப் புண்ணியத்துல ஒரு பேரன் பொறக்கட்டுமேன்னுதான் கையெழுத்துப் போட்டேன். இதுல என்னங்க தப்பு?

அது ஐப்பசி மாசம், அடைமழை. ஜங்ஷன்ல ரயில்வே போலீஸ் ஒருத்தனை நிறுத்தியிருக்காங்க. ஒடிசாவுல இருந்து மில்லு வேலைக்கு ஆள் கூட்டிட்டு வர்ற ஏஜென்டு. கூட ஏழு வயசுல இந்தப் பிள்ளை. ஆரு இதுன்னு கேட்டதும் அவன் கூட்டத்துல பூந்து ஓடியே போயிட்டான். இவ ஆத்தா முன்னாலயே இந்தப் பக்கம் ஏதோ மில்லுக்கு வந்துட்டாளாம். பிள்ளையைக் கொண்டாந்து சேத்தறேன்னு கூட்டிட்டு வந்திருக்கான். எந்த மில்லு, எந்த ஊரு, எல்லாம் ஓடிப்போனவனுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் மில்லுக்கா பஞ்சம்?

அப்படி வந்ததைத்தான் எங்க வீட்டுல விட்டாங்க. பேரு ஜிலியாம். ஜிலின்னு ஒரு பேரா? கூப்பிட்டா நாலு பேரு சிரிப்பாங்க. நான் வள்ளிநாயகின்னு வச்சேன். வள்ளியும் காட்டுல கண்டெடுத்த பிள்ளைதானுங்களே, வேடன் வளத்து முருகன் கையில குடுக்கலையா?

நெறம் கம்மி, ஆனா முடி! இடுப்புக்குக் கீழ தொங்குச்சு. ஏழு வயசுப் பிள்ளைக்கு அத்தனை முடி நான் பாத்ததில்ல. அவ ஆத்தா வெட்டாம வளத்தாளாம். ரெண்டு பேன் சீப்பு ஒடைஞ்சுச்சு எனக்கு.

அழுகைன்னா அழுகை அம்மணி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, மூணு மாசம். வாசக்கதவைப் புடிச்சுக்கிட்டு 'போவு, போவு'ன்னு. அவங்க பாஷையில போவுன்னா அம்மாவாம். எங்க தறியில அப்ப ரஞ்சிதான்னு ஒரு ஒரிசாக்காரி, புருசனோட வேலை செஞ்சா. அவளைக் கூப்பிட்டுப் பேச விட்டா கொஞ்சம் அடங்கும், அவ போனதும் மறுபடியும் போவு. பொம்மை வாங்கிக் குடுத்தேன். பட்டுப் பாவாடை எடுத்துக் குடுத்தேன். ரெண்டு அடியும் குடுத்தேன், மறைக்கலை. என்ற பிள்ளைகளை நான் அடிக்கலையா? எதுக்கும் நிக்கலை. அக்கம்பக்கத்துல கேக்கறாங்க, பிள்ளையை என்னக்கா பண்றீங்கன்னு. எனக்கு எத்தனை கேவலம்!

அப்பத்தான் பழனியாண்டவனுக்கு வேண்டுனேன். முருகா, இந்தப் பிள்ளை அழுகையை நிறுத்தி வீட்டோட ஒட்டிக்கணும், என்ற மருமக வயித்துல ஒண்ணு தங்கணும், முடி எறக்கறேன்னு. என்ற முடியைத்தான் நெனச்சேன், பொய் சொல்லலை. பொறவு யோசிச்சா, வர்ற மாசம் ஒரம்பரை சொந்தத்துல ரெண்டு கண்ணாலம், மொட்டைத் தலையோட எப்படிப் போய் நிக்கறது? எங்கூட்டுக்காரருதான் சொன்னாரு, பிள்ளை முடின்னா சாமிக்கு இன்னும் பிரியம்னு. இவளுக்குத்தான் அத்தனை முடி இருந்துச்சே.

தைப்பூசம் முடிஞ்ச மறு வாரம் கார் எடுத்துட்டுப் போனோம். கார்ல ஏறுனதும் சிரிச்சுட்டே வந்தா. ஆத்தாகிட்டக் கூட்டிட்டுப் போறோம்னு நெனச்சுட்டாளாட்ட இருக்குது. கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு ரோட்டுல போற ஒவ்வொருத்தியையும் பாத்துட்டே வந்தா. பழனியில எறங்கி, சண்முக நதிக்கரையில உக்கார வச்சோம். நாவிதர் தலையில தண்ணி தெளிச்சுக் கத்தியை வச்சதும்தான் பிள்ளை என்னைய நிமிந்து பாத்துச்சு. கையைக் காலை ஒதறலை. முடி மடியில விழுந்துட்டே இருக்குது, இவ அதையே பாத்துட்டு உக்காந்திருக்கறா. முடிச்சுட்டு ஆத்துல முங்க வச்சு, புதுத்துணி போட்டு, தலைக்குச் சந்தனம் பூசி, மலையேறிச் சாமி கும்பிட்டு, கீழ வந்து நல்ல ஓட்டல்ல எலைச்சாப்பாடு. எல்லாம் முறையாத்தான் செஞ்சோம்.

நீங்க நம்பமாட்டீங்க. அன்னையில இருந்து அழுகை நின்னு போச்சு. அத்தோட சரி. போவுங்கற வார்த்தையே இல்ல. வாசக்கதவுப் பக்கம் போறதில்ல. சொன்ன வேலையைச் செய்வா, குடுத்ததைத் திம்பா. ஒரே நாள்ல! எனக்கு மேலு சிலுத்துப் போச்சு. பாக்கற ஆளுககிட்ட எல்லாம் சொன்னேன், கலியுகத்துல முருகன் கண்கண்ட தெய்வம்னு.

ஒரு வாரம் கழிச்சு இந்த ரஞ்சிதா வீட்டுக்குப் பின்னால பொடக்காளிக் கதவுகிட்ட வந்து நின்னுக்கிட்டு அழுவறா. என்னடின்னு கேட்டா, அவ அரைகொறைத் தமிழ்ல, "அக்கா, பாப்பா சொல்றான், அவன் அம்மா செத்துட்டான்"ங்கறா. ஆருடி சொன்னதுன்னேன். "ஆரும் சொல்லலை அக்கா. எங்க ஊர்ல வீட்டுல ஆள் செத்தாத்தான் மொட்டை. பத்தாம் நாள் மொட்டை, குளத்துல குளி, புதுத்துணி, சாப்பாடு. பாப்பா அப்பா செத்தப்ப அப்பாவோட அண்ணன் தம்பிக்கெல்லாம் அடிச்சாங்க. இப்போ பாப்பாவுக்கு அடிச்சாச்சு. வேற யார் இருக்குது பாப்பாவுக்கு? அம்மாதான் செத்துட்டான்னு நினைக்குது. நீங்க சொல்லுங்க அக்கா, இல்லைன்னு சொல்லுங்க"ன்னு கையைப் புடிக்கறா.

எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சு. கல்லா என்ன நான்? ராத்திரி பூரா யோசிச்சேன். சொல்லிப்போடலாம்னுதான் காலையில எந்திரிச்சேன். எந்திரிச்சுப் பாத்தா, பிள்ளை தானா வந்து எனக்குக் காப்பி டம்ளரைக் கழுவி வச்சுட்டு, என்ற முந்தானையைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. முதல் தடவையா அம்மான்னு கூப்பிடுச்சு. தமிழ்ல. நீங்களே சொல்லுங்க, அந்த நேரத்துல போயி உங்க ஆத்தா உசுரோடதான் இருக்கறா, ஆனா எங்கன்னு தெரியலன்னு சொன்னா மறுபடியும் போவு, போவுதானே? ஆறுன புண்ணை எதுக்கு நோண்டறது? செத்தவங்களை ஒருதடவை அழுதா முடிஞ்சுது. எங்கிருக்கறாங்கன்னு தெரியாதவங்களைத் தெனமும்ல அழுவோணும்? நான் அந்தப் பிள்ளைக்கு நல்லதுதான் பண்ணுனேன்.

ரஞ்சிதா வாய் சும்மா இருக்காதுங்களே. அதனால அவளையும் அவ புருசனையும் அந்த மாசத்தோட நிறுத்திப்போட்டோம். அந்த பாஷையையே பேசிட்டிருந்தா பிள்ளைக்குத் தமிழ் எப்ப வரும்?

வந்துச்சு. ஆறே மாசத்துல கிளியாட்டம் பேசுனா. ஸ்கூல்ல முதல் ரேங்கு.

மோரு குடிங்க. ஆறிப் போறதுக்கு அது காப்பியா என்ன, ஆனா குடிங்க.

பங்குனி அமாவாசைக்கு நான் சோறு உருட்டிட்டிருக்கேன், இவ வந்து பக்கத்துல குந்திக்கிட்டு, ஆருக்கும்மான்னா. செத்துப்போன எங்க மாமியாருக்கு, காக்காய் ரூபத்துல வந்து தின்னுட்டுப் போவாங்கன்னேன். என்ற கையில இருந்த உருண்டையையே பாத்தா. பொறவு கையை நீட்டி, எனக்கொண்ணு குடுங்கன்னா. எதுக்குடின்னேன். "எங்கம்மாவுக்கு."

குடுத்தேன். நானே நெய் விட்டுப் பிசைஞ்சு ரெண்டாவதா ஒரு உருண்டை புடிச்சுக் குடுத்தேன். வேண்டாம்னா சொல்ல முடியும்? பிள்ளை ஆசையாக் கேக்குது. ரெண்டு உருண்டையும் எடுத்துட்டு மாடிக்குப் போயி கா, கான்னு கூப்புட்டா பாருங்க, எங்கிருந்துதான் வருமோ, பத்துப் பதினைஞ்சு காக்காய் வந்து எறங்குச்சு. எங்க மாமியாரு அன்னைக்குத்தான் நேரத்துக்குச் சாப்பிட்டுச்சு. அன்னையில இருந்து ரெண்டு வருஷம், மாசாமாசம் அவதான். எனக்கும் முட்டிவலிக்கு மாடியேறற வேலை மிச்சம்.

சித்திரை பொறந்ததும் உங்க பழைய மேடம் விசாரிக்க வந்தாங்க. வள்ளியை மடியில உக்கார வச்சுக்கிட்டு, உங்கம்மா பத்தி ஏதாவது ஞாபகம் வருதா கண்ணு, எந்த ஊர் மில்லுன்னு ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டாங்க. இவ, எங்கம்மா செத்துட்டாங்கன்னா. எப்படித் தெரியும்னு கேட்டாங்க. தெரியும்னா. மேடம் என்ற மூஞ்சியைப் பாத்தாங்க. நான் தலையை மட்டும் ஆட்டுனேன். தலை ஆட்டறது பொய்யாகுமாங்க? அதை வச்சுத் தேடறதை அவங்க நிறுத்திக்கிட்டா அது என்ற குத்தமா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

அடுத்த மாசம் ஐதராபாத்துல இருந்து போனு. மருமக முழுகாம இருக்கறா! முருகன் ரெண்டாவது வேண்டுதலையும் நிறைவேத்திட்டான். நான் வள்ளியைக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்தேன். அவ முடிதானுங்களே பேரனாப் பொறக்கப் போகுது.

இப்ப அந்த வைகாசி அமாவாசைக்கு வர்றேன். அதுதான் உங்க ஃபைல்ல பெருசா இருக்கும். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, மத்தியானம், நல்ல வெயிலு. கேட்டுகிட்ட ஒருத்தி வந்து நிக்கறா. எலும்பும் தோலுமா, காதுலயும் தலையிலயும் பஞ்சு ஒட்டிட்டிருக்குது. மில்லுல நூல் ஓட்டறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். செல்லை நீட்டுனா. ஒரு போட்டோ. இடுப்பு வரைக்கும் முடி உட்ட ஒரு பிள்ளை. "ஜிலி, ஜிலி, என் பாப்பா, பாத்தீங்களா?" அந்த நாலு வார்த்தையை மட்டும் ஆருகிட்டயோ கத்துக்கிட்டு வந்திருக்கறா. பொறவுதான் தெரிஞ்சுது, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைதான் மில்லு ஹாஸ்டல்ல வெளிய விடுவாங்களாம். அந்த ஒரு நாளுக்கு ஒரு ஊர்ன்னு தறிக்குடோன் இருக்கற தெருவெல்லாம் கேட்டுட்டு வர்றாளாம்.

நான் போட்டோவை நல்லாத்தான் பாத்தேன். அதுல இருந்த பிள்ளைக்கு அத்தனை முடி. எங்க வள்ளிக்கு மூணு விரக்கடை கூட இல்ல. அதுல இருந்த பேரு ஜிலி, எங்க பிள்ளை பேரு வள்ளிநாயகி. எனக்கு எப்படிங்க தெரியும்? இல்லம்மா, இங்க அப்படி ஆரும் இல்லைன்னேன். வெயில்ல வந்தவளாச்சேன்னு தண்ணிகூடக் குடுத்தேன். உள்ள இருக்கற சொம்பு இல்ல, வெளிய தறிக்காரங்களுக்கு வச்சிருக்கற பச்சை பிளாஸ்டிக் டம்ளரு. குடிச்சா.

அவ குடிச்சிட்டிருக்கும்போது மாடியில இருந்து சத்தம் வருது. கா... கா...

அண்ணாந்து பாத்தா. டம்ளரு வாயிலயே இருக்குது, தண்ணி கழுத்து வழியா ஓடுது, இவ அண்ணாந்து பாத்துட்டே நிக்கறா. மேல கைப்பிடிச் சுவரு உசரம், ஒண்ணும் தெரியாது. ஆருங்கற மாதிரி கையைக் காட்டுனா. எங்க பேத்தி, செத்தவங்களுக்குச் சோறு வைக்கறாடின்னேன். அவளுக்கு என்ன புரிஞ்சுதோ, தலையை ஆட்டிக்கிட்டா. டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டா. நான் கேட்டைச் சாத்திப் பூட்டுனேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? மருமக ரெண்டு மாசம் கர்ப்பம் அம்மணி. நாலு வருஷம் கழிச்சுத் தங்குனது. அந்த நேரத்துல வீட்டுக்கு வந்த லச்சுமியை வெளிய அனுப்புவாங்களா? நீங்களா இருந்தா அனுப்புவீங்களா? பிரசவம் ஆகட்டும், பொறவு பாத்துக்கலாம்னு மனசுல ஒரு ஓரமா வச்சிருந்தேன். பேரன் பொறந்தான். பொறந்ததும் அவனுக்கு மஞ்சக்காமாலை. தெளியட்டும்னு இருந்தேன். பொறவு தவழ்ந்தான், நடந்தான். நல்ல காரியம் நடந்துட்டு இருக்கற வீட்டுல எதையும் கலைக்கக் கூடாதுங்க.

ஆனா பாருங்க, நான் துரத்துன துரத்துல அந்த ரஞ்சிதா ரெண்டு வருஷம் எங்கெங்கயோ சுத்தி, கடைசியாப் போய்ச் சேந்த இடம், வள்ளியோட ஆத்தா வேலை செய்யற அதே மில்லு. விதியைப் பாத்தீங்களா? ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கறவ செல்லுல போட்டோவைப் பாத்துருக்கறா. அவ்வளவுதான். போன மாசம் ரெண்டு பேரும் குழந்தைகள் நலக் குழு ஆபீஸ்ல வந்து நிக்கறாங்க. எனக்குப் போனு வருது, வள்ளியைக் கூட்டிட்டு வாங்கன்னு.

கூட்டிட்டுப் போனேன். ரெட்டைச் சடை போட்டு, கனகாம்பரம் வச்சு. என்ற பிள்ளை எப்படி இருக்கறான்னு அவங்களும் பாக்கட்டும்னு.

உள்ள நுழைஞ்சதும் அவ ஆத்தா, ஜிலின்னு ஓடி வந்தா. வள்ளி அந்த மூஞ்சியைப் பாத்தா. பாத்துட்டு நிக்கறா, நிக்கறா. பொறவு என்ற பின்னால வந்து ஒளிஞ்சுக்கிட்டு, சேலையைப் புடிச்சு இழுத்து, மெதுவாக் கேக்கறா, "அம்மா, செத்தவங்க வருவாங்களா?"

அவ ஆத்தா கையைத் தொட்டா. வள்ளி போட்ட சத்தத்துல வெளிய நின்ன வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு. நான் அங்க இருந்த எல்லாரையும் ஒரு பார்வை பாத்தேன். பாத்துக்குங்க, பிள்ளை ஆருகிட்ட ஒட்டுதுன்னு.

அவ ஆத்தா அவங்க பாஷையில என்னென்னமோ சொல்றா. தாலாட்டாட்டம் ஏதோ பாடறாகூட. வள்ளிக்கு ஒரு எழுத்து புரியலை. ரெண்டு வருஷத்துல அந்த பாஷை சுத்தமாப் போயிருச்சு. ஆத்தாளுக்கும் மகளுக்கும் நடுவுல ரஞ்சிதா நின்னு, இவ சொன்னதை அவளுக்கும், அவ சொன்னதை இவளுக்கும் மாத்தி மாத்திச் சொல்றா. அப்பத்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. மொட்டை அடிச்சது, ரஞ்சிதா என்கிட்டச் சொன்னது, எல்லாம். அவ ஆத்தா திடீர்னு என்னையக் காட்டி, இந்தம்மா வீட்டுல தண்ணி குடிச்சேங்கறா. பச்சை டம்ளருங்கறா. மாடியில ஒரு பிள்ளை சத்தம் கேட்டுச்சுங்கறா. சொல்லிட்டு அவளே வாயைப் பொத்திக்கிட்டா. பொத்திக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா.

ரஞ்சிதா அழுதுட்டே அதையும் வள்ளிக்குத் தமிழ்ல சொல்லிப்போட்டா. சொல்லணும்னு என்ன அவசியம்? சின்னப் பிள்ளைகிட்ட.

வள்ளி என்ற சேலையை விட்டுட்டு முன்னால வந்து நின்னா. ஒம்போது வயசுப் பிள்ளை. அழுவலை. என்னைய நிமிந்து பாத்தா, அன்னைக்கு ஆத்தங்கரையில பாத்தாளே, அதே மாதிரி. "ரெண்டாவது உருண்டையை நீங்கதானே புடிச்சுக் குடுத்தீங்க?"ன்னா.

அத்தனை பேரு முன்னால அம்மணி. வளத்த கடா மார்ல பாஞ்ச மாதிரி. ஆமா, நான்தான் புடிச்சுக் குடுத்தேன். நெய் ஊத்திக் குடுத்தேன். அதுக்கு ஒரு நன்றி உண்டா? நீ கேட்டே, நான் குடுத்தேன்னு சொன்னேன். அவ அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசவே இல்ல.

இப்ப ஹோம்ல இருக்கறா. மில்லு ஹாஸ்டல்ல பிள்ளைகளை வச்சுக்க விடமாட்டாங்களாம், ஆத்தா வெளிய வீடு பாக்கற வரைக்கும் அங்கதானாம். இதுக்கு எங்க வீட்டுலயே இருந்திருக்கலாம். பழைய மேடத்துக்குப் போன் போட்டேன், என்ற பிள்ளை எப்படி இருக்குதுன்னு. அவங்க சுருக்கமாத்தான் பேசுனாங்க. மேடம் சொல்லி, மில்லுல இப்ப வாராவாரம் ஞாயித்துக்கிழமை விடறாங்களாம், அவ ஆத்தா வந்துடறாளாம். வந்ததும் வள்ளி மத்தியானச் சோத்துல ஒரு உருண்டை புடிச்சு அவ கையில குடுத்துட்டு, எதிர்ல உக்காந்துக்குவாளாம். ஆத்தா அதை மென்னு முழுங்கற வரைக்கும் கண்ணைக் கொட்டாம பாத்துட்டே இருப்பாளாம். தின்னு முடிச்சதும், வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பாப்பாளாம். செத்தவங்க அப்படித் திங்கமாட்டாங்களாம். எல்லா வாரமும் இதே கூத்தாம். பேசிக்க பாஷை இல்ல, இதுதான் நடக்குதாம்.

எனக்கு அதைக் கேட்டு எத்தனை வெசனமாப் போச்சு தெரியுங்களா? ரெண்டு வருஷம் சோறு போட்டேன். எனக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு உருண்டை புடிச்சுக் குடுத்திருப்பாளா?

கண்ணைத் தொடச்சுக்குங்க, இந்தாங்க. நீங்க எளகுன மனசாட்ட இருக்குது, இந்த வேலைக்கு ஆகாது. ஏனுங்க? என்ன சொன்னீங்க? வள்ளியோட ஸ்கூல் சர்டிபிகேட்டும் துணியும் வாங்கிட்டுப் போகத்தான் வந்தீங்களா? அதுக்கா வந்தீங்க?

நான் மனுவுக்கு வீடு பாக்க வந்தீங்கன்னுல்ல நெனச்சேன். இத்தனை நேரம் சொல்லலையே நீங்க.

சரி, எடுத்துட்டுப் போங்க. அந்த மூலையில பையில கட்டி வச்சிருக்கேன். பட்டுப் பாவாடையும் அதுலயே இருக்குது, குடுத்ததைத் திருப்பி வாங்கற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. சடைக்குக் கட்டற ரிப்பனும் ரெண்டு வச்சிருக்கேன்.

வந்தது வந்தீங்க, என்ற மனுவோட இன்னொரு நகல் தர்றேன், பெரிய மேடம் மேசையில வச்சுடுங்க. கோயில் கமிட்டி லெட்டரும் சேத்து வச்சிருக்கேன். மறக்காம வைக்கோணும். பேரனுக்கு அடுத்த மாசம் ஒண்ணரை வயசு, ரெண்டாவது இன்னும் மருமகளுக்குத் தங்கலை. போன வாரந்தான் பழனியாண்டவனுக்கு மறுபடியும் வேண்டியிருக்கேன்.

அதனால, பாத்துக் குடுக்கும்போது, கொஞ்சம் முடி இருக்கற பிள்ளையாப் பாத்துக் குடுங்க.